காலுக்கடியில் இருந்த கோப்பு

நான்கு வட்டத் தலைவர்களுக்கு வண்டி ஓட்டியிருக்கிறேன்,
கங்காய் மலையடியில்.
மூவர் பின்சீட்டில் தூங்கினார்கள்.
செவெல்மா முன்சீட்டில் உட்கார்ந்து
உதட்டுக்குள்ளேயே கூட்டல் போடுவார்.

எங்கள் மங்கோலிய மொழியில் அவனும் அவளும் ஒரே சொல்.
தலைவர் வந்தாயிற்று என்று
காவலர் குரல் கொடுத்த முதல் நாள்
எழுத்தர்கள் எழுந்து நின்று
அவருக்குப் பின்னால் இன்னொருவரைத் தேடினார்கள்.

நாற்காலி பழைய தலைவரின் அளவு.
ஆறடி ஆள், மல்யுத்தக்காரர்.
செவெல்மாவின் பாதம் தரையைத் தொடவில்லை.
புதியது கேட்டு மாகாணத்துக்கு எழுதினால்
மூன்று கையெழுத்து, ஒரு வருடம்.
அலமாரியின் அடித்தட்டிலிருந்து
தடித்த கோப்பு ஒன்றை உருவிக்
காலுக்கடியில் போட்டுக்கொண்டார்.
அதன் பெயரை யாரும் பார்க்கவில்லை.

ஜனவரியில் பனி விழுந்தது, உருகியது, உறைந்தது.
மேய்ச்சல் வெளி முழுக்கக் கண்ணாடி.
புல் தெரிகிறது; ஆட்டின் வாய்க்கு எட்டவில்லை.
இதற்கு எங்களிடம் ஒரு சொல் உண்டு: ட்ஸுட்.
சொல்லும்போதே பல் கூசும்.

வந்து சேர்ந்த உலர்புல் ஆயிரத்து நூற்று நாற்பது கட்டு.
குடும்பங்கள் இருநூற்றுப் பன்னிரண்டு.
அலுவலக அடுப்பில் சாணம் தீரும்வரை
பட்டியல் மாறிக்கொண்டே இருந்தது.
ஆளுக்குச் சமமாய், என்றார் கணக்கர் பாட்சூரி.
"சமமாய்க் கொடுத்தால் சமமாய்ச் சாகும்."
இருநூறு தலைக்குக் கீழே வைத்திருப்பவர்களுக்கு முதலில்.
சொல்லிவிட்டுப் பேனா மூடியைக் கடித்தார்.
அவர் தம்பி பதர்ச்சிடம் அறுநூற்றுப் பதினொன்று.

தம்பி வந்தான். மீசையில் பனி.
ஒன்றும் கேட்கவில்லை.
அப்பாவின் மூக்குப்பொடிக் குப்பியை
வலக்கையில் ஏந்தி நீட்டினான்.
செவெல்மா முறைப்படி வாங்கி, முகர்ந்து,
முறைப்படி திருப்பிக் கொடுத்தார்.
பிறகு அவன் கண்ணெதிரிலேயே
மை உறைந்த முத்திரையை
ஊதி ஊதி இளக்கிப்
பட்டியலில் குத்தினார்.
கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை.
அவன் சாத்தவே இல்லை;
நான்தான் எழுந்து போய்ச் சாத்தினேன்.

ஊர் என்ன பேசியது?
கொடுத்திருந்தால் "பொம்பளைப் பாசம்" என்றிருக்கும்.
கொடுக்காததால் "கல்" என்றது.
மல்யுத்தக்காரர் மைத்துனனுக்கு லாரியோடு கொடுத்தபோது
"தாராள மனசு" என்றது. நன்றாக நினைவிருக்கிறது,
அந்த லாரியை ஓட்டியது நான்.

பிப்ரவரி கடைசியில் ஒரு விடியற்காலை
எதுவும் சொல்லாமல் வடக்கே கை காட்டினார்.
பதர்ச்சின் கூடாரத்துக்குப் பின்னால்
ஆடுகள் நின்றபடியே உறைந்திருந்தன.
செவெல்மா கோட்டின் பட்டியை இறுக்கி
ஒவ்வொன்றாய் இழுத்து அடுக்கினார்.
தம்பி பின்னங்கால்களைப் பிடித்தான்.
இருட்டும்வரை இருவரும் பேசவில்லை.
எண்ணவும் இல்லை என்றுதான் நினைத்தேன்.
திரும்பும் வழியில்
"இருநூற்று எட்டு" என்றார், ஜன்னலிடம்.

மார்ச் பிறந்ததும் மாகாணத்திலிருந்து தொலைபேசி.
மகளிர் தினமாம். சிறந்த நிர்வாகியாம். மேடையில் பூங்கொத்தாம்.
மூன்று நிமிட உரை, தலைப்பை அவர்களே தருவார்களாம்.
"பூ எத்தனை கிலோ?"
எதிர்முனை சிரித்தது.
இவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளக் காத்திருந்தார்.

ரிசீவரை வைத்தபின்தான் குனிந்து
காலடிக் கோப்பை எடுத்தார்.
எப்போதோ முடிந்த ஒரு பனிக்காலம்.
எந்தக் கணவாய் முதலில் அடையும்,
எந்தக் கிணறு உறையாது,
உலர்புல்லை எந்த மாதம் வாங்கினால் பாதி விலை,
எல்லாம் இருந்தது,
பெயர் போடாத ஒரு கால்நடை மருத்துவரின் கிறுக்கலில்.
மேல் அட்டையில் இவருடைய இரண்டு குதிகால் தடம்.
நெடுநேரம் வாசித்தார்,
பாதம் தொங்கியபடி.

ஏப்ரலில் தன் கோப்பை எழுதி முடித்தபோது
எழுத்தர்ப் பெண் நல்ல காலிகோ அட்டை கொண்டுவந்தாள்.
"தடிமனாகக் கட்டாதே" என்றார்.
"தடித்தால் யாராவது காலுக்கு வைத்துக்கொள்வார்கள்."
இருபது பக்கம். சணல் கயிறு.

அதோடு மாகாணத்துக்குப் புறப்பட
நான் ஒரு மணி நேரம் இன்ஜினுக்குச் சூடு காட்டினேன்.
கிளம்பவில்லை.
தபால் லாரியில் ஏறிப் போனார்,
முன்சீட்டில்.